சிவப்பு மாத்திரை தந்த சுப்பராவ்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளுக்குக் கர்ப்பிணிப் பெண்கள் போனால், சிவப்பு நிறத்தில் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். தினம் ஒன்று. நாலாம் மாதம் தொடங்கி ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். ரத்தம் ஊறுவதற்கான மாத்திரை என்று நர்ஸ் அம்மாள் சொல்லிக் கொடுப்பார்.

அந்த மாத்திரையில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, 60 மில்லிகிராம் இரும்புச் சத்து. மற்றது, அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகமிகக் குறைவு. ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது.

ஃபோலிக் அமிலத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்கும் வழியை 1945-ம் ஆண்டில் கண்டுபிடித்தது ஓர் அமெரிக்க ஆராய்ச்சிக்கூடம். அந்தக் கூடத்தின் தலைவர் அமெரிக்கர் அல்ல. சென்னையில் படித்த இந்தியர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவர். அவர் பெயர் எல்லப்பிரகடா சுப்பராவ்.

வாழைப்பழ வியாபாரம்

சுப்பராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திர மாநிலத்து ஊர். அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. தகப்பனார் ஜகந்நாதம், வருவாய் இலாகா உத்தியோகஸ்தர். தாயார் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் சுப்பராவ் நாலாவது பிள்ளை.

தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை. சீக்கிரமே வேலையை விட்டுவிட்டார். பெரிய குடும்பம், வருமானம் இல்லை. என்ன செய்வது?

பதின்மூன்று வயதில் சுப்பராவ் ஒரு வழி கண்டுபிடித்தார். காசிக்குப் போவது, அங்கே வரும் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்பது, பணக்காரர் ஆகிவிடுவது! வீட்டில் சொல்லாமல் கிளம்பியும் விட்டார். தாயார் விடவில்லை. வழியில் பிடித்துக் கொண்டுவந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

படிப்பு எளிதில் ஏறவில்லை. ராஜமகேந்திரவரத்தில் படித்தபோது மெட்ரிகுலேஷனில் தோற்றார். மறுபடி எழுதினார். மறுபடியும் தோல்வி. வெங்கம்மாள் தன் நகைகளை விற்றார். பையனைச் சென்னைக்கு அனுப்பினார்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது தடவையில் சுப்பராவ் தேறினார். பிறகு கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரி. கணக்கில் நல்ல பையன் என்று பெயர் வாங்கினார்.

ஆனால் அவர் மனம் கணக்கில் இல்லை. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். தாயாரின் சம்மதம் வேண்டும் என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். தாயார் மறுத்துவிட்டார். டாக்டருக்குப் படித்தால் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று மடத்துச் சாமியார்கள் யோசனை சொன்னார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இப்படித்தான் அவர் டாக்டர் ஆனார்.

செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் பணம் கொடுத்தார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-ம் ஆண்டில் சுப்பராவ் மணந்துகொண்டார்.

எட்டிப் பார்த்த எமன்

அந்தக் குடும்பத்தை ஒரு நோய் துரத்தியது. ஸ்புரூ என்று அதற்குப் பெயர். வெப்ப நாடுகளில் வரும் கழிச்சல் நோய். இந்த மாதிரி நீண்ட கழிச்சலை நாட்டு வைத்தியர்கள் கிராணி என்பார்கள்.

ஸ்புரூ வந்தவருக்குச் சாப்பாடு உள்ளே போகும். ஆனால் சத்து உடம்பில் சேராது. சிறுகுடல் அதை உறிஞ்ச மறுத்துவிடும். நாக்கு புண்ணாகும். உடம்பு இளைக்கும். நாளாக நாளாக ரத்தம் குறைந்து முகம் வெளுத்துவிடும்.

இதில் சுப்பராவின் அண்ணன் புருஷோத்தம் இறந்தார். சில நாட்களுக்குள் இன்னொரு சகோதரரும் போனார். இரண்டு பிள்ளைகளை இழந்த வீட்டில் மூன்றாவதாகச் சுப்பராவும் அதே நோயில் படுத்தார்.

அவரைப் பிழைக்க வைத்தவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. ஆங்கில வைத்தியம் படித்துவிட்டு ஆயுர்வேதத்துக்குத் திரும்பியவர். சென்னை எழும்பூரில் ருக்மிணி லட்சுமிபதி சாலை இருக்கிறது அல்லவா? வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, பின்னால் மந்திரியாகவும் இருந்த அந்த ருக்மிணி அம்மையார், இந்த லட்சுமிபதியின் மனைவிதான்.

இங்கிலீஷ் மருந்து கைவிட்ட நோயை நாட்டு மருந்து தீர்த்தது சுப்பராவின் மனதில் தைத்துவிட்டது. அந்த மருந்துக்குள் இருந்தது எது? ஏன் அது வேலை செய்தது? அவர் கடைசி வரை தேடியது இந்தக் கேள்விக்கு விடைதான் என்று சொன்னால் தவறில்லை.

கதர் அங்கி

காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பராவ் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை.

பரீட்சை முடிவு வந்தது. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியிருந்தும் சுப்பராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ இலாகாவில் வேலை கேட்டார். அதுவும் இல்லை.

லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக வேலை கிடைத்தது. அங்கே பழைய ஏடுகளையும் புதிய விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பார்க்க முயன்றார். இன்றைக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாண்டு என்று சித்தர்கள் சொன்ன சோகை நோய்க்கு அங்கே மருந்தும் கொடுக்கிறார்கள், ஆராய்ச்சியும் நடக்கிறது. சுப்பராவ் காலத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும்.

மாமனார் பணம் கொடுத்தார். காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் உதவியது. 1920-களின் தொடக்கத்தில் சுப்பராவ் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். கர்ப்பமாக இருந்த மனைவியை ஊரில் விட்டுப் போனார். பிறந்த ஆண் குழந்தையை அவர் பார்க்கவே இல்லை. ஒன்பது மாதத்தில் அது நோயில் இறந்துவிட்டது.

இரவில் கூலி, பகலில் படிப்பு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. இந்திய டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே வைத்தியம் பார்க்க அனுமதியும் இல்லை.

பீட்டர் பென்ட் பிரிகாம் என்ற மருத்துவமனையில் இரவு வேலைக்குப் போனார். டாக்டர் வேலை அல்ல. நோயாளிகளின் மலம், மூத்திரப் பாத்திரங்களைக் கழுவி வைக்கும் வேலை. இரவெல்லாம் அதைச் செய்துவிட்டுப் பகலில் வகுப்புக்குப் போவார்.

பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்ற ரசாயனப் பேராசிரியரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி அன்று இல்லை. இருவரும் சேர்ந்து 1925-ல் ஒரு வழி செய்தார்கள். சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்கே - சுப்பராவ் முறை என்று அதற்குப் பெயர். உலகம் முழுவதும் மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

அந்த முறையை வைத்துக்கொண்டு இருவரும் தசையை ஆராய்ந்தார்கள். 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற புதுப் பொருளைக் கண்டார்கள். 1929-ல் இன்னொன்று அகப்பட்டது. அதன் பெயர் ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி. என்பது என்ன?

தாம்பரத்தில் பஸ் ஏறி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் சில்லறை கேட்பார். நாம் சாப்பிடும் சோறு பெரிய நோட்டு மாதிரி. உடம்பின் உயிரணுக்கள் அதை அப்படியே செலவு செய்ய முடியாது. சோற்றைச் சில்லறையாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. அதில் மூன்று பாஸ்பேட் துண்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒன்றைக் கழற்றினால் வேலை நடக்கும். கையை மடக்குவதும், இதயம் துடிப்பதும் இந்தச் சில்லறையில்தான்.

1930-ல் சுப்பராவுக்கு டாக்டர் ஆஃப் பிலாசபி பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. அவர் கண்டுபிடித்த வேறு சில பொருள்களை ஃபிஸ்கே பொறாமையால் வெளியே வரவிடவில்லை என்றும், பின்னால் வேறு ஆட்கள் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அதே கூடத்தில் படித்து 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஈரலும் கீரையும்

சோகையை வெல்ல வேண்டும் என்ற எண்ணம் சுப்பராவை விடவில்லை. அதற்கு நல்ல காலமும் வந்திருந்தது.

1926-ல் பாஸ்டன் டாக்டர்கள் மைனாட்டும் மர்ஃபியும் ஓர் அதிசயம் செய்தார்கள். ஆளைக் கொல்லும் கொடிய சோகை நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்! இருவருக்கும் 1934-ல் நோபல் பரிசு. இதில் மர்ஃபி வேலை பார்த்த இடம், சுப்பராவ் பாத்திரம் கழுவிய அதே மருத்துவமனை.

ஈரலில் இருக்கும் மருந்து எது? அது தெரியவில்லை. சுப்பராவ் ஈரலைப் பிழிந்து, வடித்து, பிரித்து, அதைத் தேட ஆரம்பித்தார்.

நம் நாட்டிலும் ஒரு தேடல் நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமானதும் ரத்தம் வற்றி இறந்துகொண்டிருந்தார்கள். லூசி வில்ஸ் அவர்கள் வீடுகளுக்குப் போய், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். நம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்திலும் 1929-ல் ஆராய்ச்சி செய்தார். முடிவில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார். ரத்தம் ஊறியது! 1931-ல் இதை அவர் வெளியிட்டார். ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருளுக்குப் பெயரில்லாமல், வில்ஸ் பொருள் என்றே வெகு காலம் அழைத்தார்கள்.

1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையைப் பிழிந்து மிகக் கொஞ்சம் பொருளை எடுத்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். ஆகவே ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நான்கு டன் கீரையில் ஒரு துளி என்றால் எத்தனை நோயாளிக்குக் கொடுப்பது?

அந்தச் சமயம் சுப்பராவ் ஹார்வர்டை விட்டு வந்திருந்தார். 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் உள்ள லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் ஆனார். அவர் கீழே ஒரு பெரிய கூட்டம் வேலை செய்தது. ஈரலிலிருந்தும், நுண்ணுயிர்களை வளர்த்த சாற்றிலிருந்தும் ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தார்கள். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 1945-ல் தாங்களே அதைத் தயாரித்தும் காட்டினார்கள். இனிமேல் கீரையும் வேண்டாம், ஈரலும் வேண்டாம்!

அந்த அறிக்கையில் சுப்பராவ் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்ளவில்லை. பல பேரில் ஒருவராக நடுவில் இருக்கிறது.

டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் இந்த மருந்தை எடுத்துக்கொண்டு கியூபா தீவுக்குப் போனார். அங்கே ஸ்புரூ நோயில் வெளுத்துக் கிடந்தவர்களுக்குக் கொடுத்தார். சில நாட்களில் நாக்குப் புண் ஆறியது; பசி எடுத்தது; ரத்தம் ஊறியது. புருஷோத்தமைக் கொன்ற நோய்க்குத் தம்பியின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மருந்து வந்துவிட்டது. அண்ணன் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ரத்தம் ஊறுவது எப்படி?

ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போய் உடம்பெங்கும் கொடுப்பது அவற்றின் வேலை. ஓர் அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பிறகு அழிந்துவிடும். ஆகவே எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் புது அணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது.

எத்தனை செய்ய வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்வது யார்? சிறுநீரகம்!

மூத்திரத்தைப் பிரிக்கும் சிறுநீரகத்துக்கு இந்த வேலையும் உண்டு என்று 1957-ல்தான் தெளிவாயிற்று. ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் சிறுநீரகம் உடனே கண்டுகொள்ளும். எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது ஓலை கொண்டுபோகும் தூதன் மாதிரி மஜ்ஜைக்குப் போகும். அமெரிக்க விஞ்ஞானி கோல்ட்வாசரும் ஜப்பானியரான மியாகேயும் 2,550 லிட்டர் மூத்திரத்திலிருந்து சில மில்லிகிராம் ஹார்மோனைச் சுத்தமாகப் பிரித்து எடுத்தது 1977-ல். கீரைக் கதையைவிட இது கடினமான கதை.

தூதன் வந்தால் போதுமா? கதவைத் திறக்க ஆள் வேண்டாமா?

மஜ்ஜையில் வளரும் இளம் அணுவின் மேல்தோலில் அந்த ஹார்மோனுக்கு என்றே ஏற்பிகள் இருக்கின்றன. வாசலில் உள்ள அழைப்பு மணி போல. ஒரு பாதி அணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறு பாதி உள்ளே. இரண்டு ஏற்பிகளை ஹார்மோன் ஒருசேரப் பிடித்தால்தான் மணி அடிக்கும். இந்த ஏற்பியின் மரபணுவை 1989-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்.

மணி அடித்தால் உள்ளே என்ன நடக்கும்? இங்கேதான் சுப்பராவ் வருகிறார்.

ஏற்பியின் உள்வாலை ஒட்டி ஜாக்-2 என்ற நொதி காத்திருக்கிறது. அது ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட் துண்டைக் கழற்றி ஏற்பியின் வாலில் ஒட்டும். அந்த முத்திரையைக் கண்டதும் செய்தி அணுவின் கருவுக்குப் போகும். ஹார்மோன் வராவிட்டால் இளம் அணு செத்துவிடும். வந்தால் பிழைத்து வளரும். உத்தரவு இப்படி நடப்பது, சுப்பராவும் ஃபிஸ்கேயும் 1929-ல் கண்ட அந்தச் சில்லறைக் காசைக் கொண்டுதான்.

உத்தரவு வந்துவிட்டது. இனி சரக்கு வேண்டும். அணு ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் அவசியம். அது இல்லாவிட்டால் அணு பிரிய முடியாமல் வீங்கிப் பெருத்துக்கொண்டே போகும். பெரும்பாலானவை மஜ்ஜையிலேயே அழியும். ஸ்புரூ நோயாளியின் ரத்தத்தில் இருந்தது இந்தக் குறைதான். சிறுநீரகம் ஓலைமேல் ஓலை அனுப்பினாலும் பலன் இல்லை. சூளைக்கு ஆர்டர் வந்து குவிந்தும் மண் இல்லாவிட்டால் செங்கல் வருமா?

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நிலைமை தலைகீழ். சரக்கு இருக்கும், உத்தரவு வராது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வெளுத்துப் போவது இதனால்தான். 1989 முதல் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுகிறார்கள். டயாலிசிஸில் ஃபோலிக் அமிலமும் ஓரளவு கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் ஊசி போட்டும் ரத்தம் ஏறாவிட்டால், இரும்பு, ஃபோலிக் அமிலம் குறைவா என்று டாக்டர் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வைட்டமின் பி-12 குறைவினாலும் இதே மாதிரி சோகை வரும். ஈரலில் இருந்த அந்த மருந்தை 1948-ல் வேறு கம்பெனிகள் கண்டுபிடித்தன. பி-12 குறைந்தவர் வெறும் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் ரத்தம் ஏறும். நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

ஊட்டுவதும் தடுப்பதும்

ஃபோலிக் அமிலம் இல்லாமல் அணு பெருகாது என்றால், பெருகக் கூடாத அணுவுக்கு அதைத் தடுத்துவிட்டால் என்ன?

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்று நோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்துக் கலங்கியவர். அவர் கேட்டபடி சுப்பராவின் கூட்டத்தார் ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருக்கும் ஒரு பொய்ப் பொருளைச் செய்து கொடுத்தார்கள். அதற்கு அமினாப்டரின் என்று பெயர். பூட்டுக்குள் போகும், திறக்காது, அப்படிப்பட்ட சாவி. 1947 கடைசியில் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. பிறகு மறுபடி திரும்பியது என்றாலும், ரத்தப் புற்று நோயை மருந்தால் அடக்க முடியும் என்று முதன்முதல் தெரிந்தது அப்போதுதான். அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்று நோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

சுப்பராவின் கூட்டத்தார் செய்த வேறு இரண்டும் நமக்குப் பழக்கமானவை. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை ஒன்று. அது 1947-ல் வந்தது. மற்றது ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் மூத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, எழுபது வயது கடந்த தாவரப் பேராசிரியர் டகரைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார் சுப்பராவ். ஊர் ஊராக வரவழைத்த மண்ணை டகர் சோதித்தார். மிசௌரி மாநிலத்து வயல் மண்ணில் அது அகப்பட்டது. 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள். மேடையில் நின்றது டகர், சுப்பராவ் அல்ல.

சில வாரங்களே கழிந்தன. 1948 ஆகஸ்டு மாதம் ஒரு நாள் இரவு படுக்கப் போன சுப்பராவ் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது 53.

ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் தாய்நாட்டுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அமெரிக்கக் குடிமகனாகவும் ஆகவில்லை. கணவரைக் கப்பல் ஏற்றி அனுப்பிய சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

1953-ல் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர், புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சைக் காளானுக்குச் சுப்பரோமைசிஸ் என்று பெயர் வைத்தார். 1995-ல், அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, இந்தியத் தபால் இலாகா அவர் படத்தோடு ஒரு தபால்தலை வெளியிட்டது.